மைலேஜ் கூட்டும் ஓட்டுமுறைகளைக் காரே தானாகச் செய்துகொள்ள முடியாதா?

சீராக வேகமெடுப்பது, முன்கூட்டியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது, சிக்னலில் இன்ஜினை அணைப்பது என்று மைலேஜுக்காக நாம் மெனக்கெடுவதை எல்லாம் காரே பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதியை ஏற்கெனவே செய்கிறது. மிச்சப் பாதிக்குத் தேவை, முன்னால் என்ன வருகிறது என்ற தகவல். சிக்கலே அங்கேதான்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் இருந்த பழைய வண்டியில் அதற்கு அர்த்தம் இருந்தது. கணினி அளந்து எரிபொருளைத் தெளிக்கும் இன்றைய இன்ஜெக்டர் வண்டியில், கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால், ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஐடிலிங் (சும்மா ஓடும் நிலை) பக்கம் இறங்கும்வரை எரிபொருள் அறவே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் தள்ளினாலோ இன்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சம் எரித்தே ஆகவேண்டும்.

அதற்காகக் கியரே எப்போதும் மேல் என்றும் சொல்ல முடியாது. கியரில் விட்டால் இன்ஜின் இழுத்துப் பிடிக்கும், வேகம் சட்டென்று குறையும். முன்னால் நிற்கவேண்டியிருந்தால் அது லாபம். பாதை காலியாக நீண்டு கிடந்தால் உருள விடுவதே லாபம். அதனால்தான் சில ஆட்டோமேட்டிக் கார்கள் அந்த நேரத்தில் கியர்பாக்ஸைத் தாமாகவே இன்ஜினிலிருந்து பிரித்துவிடுகின்றன. ஆனால் இரண்டில் எது சரி என்பது அடுத்த வளைவுக்கு அப்பால் இருக்கிறதே!

நாம் சொன்ன வேகத்தைத் தானாகவே பிடித்து ஓட்டும் சாதாரண க்ரூஸ் கண்ட்ரோலுக்கும் இதே குருட்டுத்தனம்தான். மேட்டின் உச்சியிலும் சொன்ன வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்று மிதிக்கும்; அடுத்த நொடி இறக்கம். லாரிகளில் இதற்கு வழி கண்டுவிட்டார்கள். ஸ்கேனியா, வோல்வோ, மெர்சிடிஸ் லாரிகளில் ஜிபிஎஸ்ஸும் மேடுபள்ளம் பதிந்த வரைபடமும் சேர்ந்து, உச்சிக்கு முன்பே வேகத்தைக் கொஞ்சம் தளர விடுகின்றன. டீசல்தான் லாரித் தொழிலின் பெரிய செலவு என்பதால் அங்கே முதலில் வந்ததில் வியப்பில்லை.

விட்டுவிட்டு மிதித்து உருள விடும் உத்தி இருக்கிறதே, அதையும் தானியங்கியாக்கலாம். ஆனால் பின்சீட்டில் இருப்பவருக்கு வாந்தி வரும். இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் அதைத்தான் வேறு விதமாகச் செய்கிறது: இன்ஜினை அது திறமையாக ஓடும் சுமையில் ஓட்டி, மிஞ்சுவதைப் பேட்டரியில் போட்டு, அப்புறம் இன்ஜினை அணைத்து மோட்டாரில் ஓடும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

ஈக்கோ பட்டனிடம் மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான கார்களில் அது பெடலை மந்தமாக்கி, ஏசியைக் கொஞ்சம் குறைப்பதோடு சரி.