விழித்திரைப் படங்களோடு நான்கு நாட்கள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

மருத்துவப் படங்களைக் கணினியால் ஆராய்வது பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இங்கே மொரிஷியஸில் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத குடும்பம் அரிது. அதனால் விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைக் கண்டறியும் அல்காரிதம் ஒன்றை எழுதிப் பார்க்க, டிசம்பர் விடுமுறையில் நான்கு நாள் ஆய்வு முகாம் நடத்த எண்ணியிருக்கிறோம். பத்து மாணவர்கள், நான்கு கண் மருத்துவர்கள், பார்வையாளர்களாகப் படம் எடுக்கும் செவிலியர் இருவர். பன்னிரண்டு உரைகளுக்கு ஏற்பாடு ஆகிறது. உள்ளூர்ப் படங்கள் 200 கிடைக்கலாம். இதில் என்ன குறைகிறது?

வாசகர், ரோஸ் ஹில்

அன்புள்ள நண்பருக்கு,

குறைவதைவிடக் கூடியிருப்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. பன்னிரண்டு உரைகளில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். உரையை வீட்டிலிருந்தே கேட்கலாம். மருத்துவர், மாணவர், செவிலியர் மூவரும் ஒரே படத்தின் முன் உட்கார்ந்து, ‘இது ரத்தக்கசிவா, லென்ஸில் ஒட்டிய தூசியா’ என்று வாதாடுவது முகாமில் மட்டுமே நடக்கும்.

செவிலியர்களைப் பார்வையாளர்களாக உட்காரவைக்காதீர்கள். கூகுளின் விழித்திரை மென்பொருளைத் தாய்லாந்துக் கிளினிக்குகளில் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. ஐந்தில் ஒரு படத்துக்கும் மேல், தரம் போதாது என்று இயந்திரம் ஒதுக்கியது. அறை போதிய அளவு இருட்டாக இல்லாதது ஒரு காரணம். படம் ஏன் மங்குகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் செவிலியர்கள்தான். முதல் நாள் காலையை அவர்களிடம் கொடுங்கள்.

மாதத்தையும் மாற்றுங்கள். டிசம்பர் புயல் பருவம்; எச்சரிக்கை ஏறினால் முகாம் அன்றோடு முடிந்தது. ஜூலையில் மேற்குக் கரையில் ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் பக்கம் வைத்தால் மழைத் தொல்லையும் குறைவு.

நான்கு நாளுக்கு ஒரே கேள்வி போதும்: இந்த நோயாளியைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா, வேண்டாமா? விழித்திரைப் பாதிப்பை 0 (நோயில்லை) முதல் 4 (மிகக் கடுமை) வரை தரப்படுத்துவார்கள். 2-உம் அதற்கு மேலும் வந்தால் ‘அனுப்பு’.

நிரலின் பயிற்சிக்கு, காகில் என்ற தரவுப் போட்டித் தளம் 2015-இல் நடத்திய போட்டியின் ஐபேக்ஸ் (EyePACS) விழித்திரைப் படத் தொகுப்பை எடுங்கள். பயிற்சிப் படங்கள் 35,126. அவற்றில் 25,810 நோயற்றவை. எதையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ‘நோயில்லை’ என்று சொல்லும் நிரலுக்கே 73 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். ஆகவே துல்லியம் என்ற ஒற்றை எண்ணைக் கரும்பலகையில் எழுதவே விடாதீர்கள். நோயுள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, நோயற்றவர்களில் எத்தனை பேரை வீணாக அனுப்பியது என்று இரண்டு எண்களாக எழுதுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தந்த 3,662 பயிற்சிப் படங்களும் காகிலின் 2019 போட்டி வழியாகப் பொதுவில் இருக்கின்றன. வேறு கேமரா, வேறு மக்கள் என்பதால் இடைக்காலச் சோதனைக்கு அவை அருமையானவை.

மாணவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது படத்தின் அளவு. 4,288 பிக்சல் அகலமுள்ள படத்தை வழக்கப்படி 224-ஆகச் சுருக்கினால் அது பத்தொன்பதில் ஒரு பங்காகிறது. இருபது பிக்சல் அகலமுள்ள நுண்ணிய ரத்தநாளப் புடைப்பு ஒரு பிக்சலாகிக் காணாமல் போகும். நோயின் முதல் அடையாளமே அதுதான்! 512-இல் தொடங்கி, கடைசி ஓட்டத்தை 1,024-இல் வையுங்கள். எட்டு ஜிபி நினைவகமுள்ள ஜிபியுவில் (வரைகலைச் செயலி) ரெஸ்நெட்-50 என்ற நரம்பு வலை மாடலை 512 அளவில், நினைவகத்தை மிச்சப்படுத்தும் அரைத் துல்லிய (16-பிட்) எண்களோடு ஓட்டலாம். நினைவகம் போதவில்லை என்றால் ஒரு தடவைக்குப் பதினாறு படம் என்பதை எட்டாக்குங்கள்.

இரண்டாவது, படங்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பது. ஒருவரின் இடது கண் பயிற்சியிலும் வலது கண் சோதனையிலும் விழுந்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும். கோப்புப் பெயரின் முன்பகுதியில் உள்ள நோயாளி எண்ணை வைத்துப் பிரியுங்கள். மூன்றாவது, ஓரத்துக் கறுப்பு வளையம். அது கேமராவுக்குக் கேமரா மாறும். வெட்டி எடுக்காவிட்டால் நிரல் நோயை விட்டுவிட்டு, எந்தக் கிளினிக் என்பதைக் கற்றுக்கொள்ளும்.

இனி உங்கள் 200 படங்கள். இவற்றைப் பயிற்சியில் சேர்க்கவே கூடாது. இவை கடைசிச் சோதனைக்கு. மொரிஷியஸின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. உடல்நலத் தகவல் அதில் சிறப்பு வகை. வெளிநாட்டு மேகக் கணினியில் ஏற்றுவதும் நாட்டைவிட்டு அனுப்புவதாகவே ஆகும். பெயரையும் மூலையில் பதிந்த தேதியையும் நீக்கினாலும் போதாது, விழித்திரையின் நாளங்களே கைரேகை மாதிரி ஆளைக் காட்டிக்கொடுக்கும். நெறிக்குழு அனுமதிக்கு இப்போதே எழுதுங்கள். ஜூலைக்குள் வராவிட்டால் மதுரைப் படங்களையே கடைசிச் சோதனைக்கு ஒதுக்கிவிட்டு முகாமை நடத்துங்கள்.

அனுமதி கிடைத்தால், ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே தரப்படுத்தட்டும். ஒருவருக்கு நூறு வரும். அதோடு அவர் ஏற்கெனவே பார்த்ததில் இருபதைச் சொல்லாமல் கலந்துவிடுங்கள், தன்னோடு தானே எவ்வளவு ஒத்துப்போகிறார் என்பது தெரியும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு இடைவேளை. கைபேசியில் பார்க்கக் கூடாது. இருவரும் முரண்பட்டால் மூன்றாமவர் முடிவு சொல்லட்டும், ஆனால் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். 1-க்கும் 2-க்கும் நடுவே எழும் அந்த வழக்குகளின் ஏடுதான் முகாமின் மிக மதிப்புள்ள விளைச்சல்.

விடுதியின் வைஃபையை நம்பாதீர்கள். ஐபேக்ஸ் மட்டுமே எண்பது ஜிபிக்கு மேல். முன்கூட்டியே 1,024-க்குச் சுருக்கி, வன்தட்டில் எடுத்துச்சென்று, கம்பி வழியே பகிருங்கள். ஜிபியு கணினியும் தேநீர்க் கெட்டிலும் ஒரே மின்சுற்றில் இருந்தால், இரவுப் பயிற்சி நடுவில் அறுந்துபோகலாம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாடலைச் சேமிக்கும்படி எழுதிவையுங்கள்.

சோதனைப் படங்களைக் கடைசி நாள் காலையில் ஒரே ஒரு முறை திறவுங்கள். அவற்றில் நோயுள்ளவை 40 என்றும், 36-ஐ நிரல் பிடித்தது என்றும் வைத்துக்கொள்வோம். 90 சதவீதம் என்று எழுதாதீர்கள். அத்தனை சிறிய எண்ணிக்கையில் உண்மை 77-க்கும் 96-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த வீச்சையும் சேர்த்தே எழுதுங்கள். தப்பிய நான்கு படங்களையும் திரையில் போட்டு, முதல் நாள் பேசிய செவிலியர்களையே முதலில் கருத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் உள்ளூர்ப் படங்கள் எந்த மடிக்கணினியிலும் மிஞ்சவில்லை என்பதை இருவர் சரிபார்த்துக் கையெழுத்திடட்டும். படங்கள் உள்ள வன்தட்டு மருத்துவர்களில் ஒருவரிடம் மட்டுமே திரும்ப வேண்டும்.

அன்புடன்