மூன்று முறை அரிச்சுவடி

அன்புள்ள ஐயா,

வடமேற்குக் காகசஸில் வாழும் அதிகே மக்களுக்கு எழுத்தையும் அச்சையும் கொடுத்ததே சோவியத் அரசுதான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மையா? அக்கால அதிகே எழுத்தாளர்களில் யாரை வாசிக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

'கொடுத்தது' என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! உமர் பெர்சேய் அரபு எழுத்தில் அமைந்த அதிகே அரிச்சுவடியை டிஃப்லிஸில், அதாவது இன்றைய ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியில், அச்சிட்டது 1853 மார்ச் 14இல். லெனின் பிறக்கவே இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. அந்த நாள்தான் இன்றும் அவர்களுடைய மொழி நாள். கட்டுரையாளரை விடுங்கள், நீங்கள் கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கலாம்.

சோவியத் காலத்தில் அச்சு பெருகியது உண்மை. 1922இல் தன்னாட்சிப் பகுதி, மறு ஆண்டே செய்தித்தாள். யாரை வாசிப்பது? தெம்போத் கெராஷெவ். அது இருக்கட்டும்.

சில நாட்களாக என் மனதை அரிப்பது வேறு. 1923இல் அந்தச் செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படித்த இருபது வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். அரபு எழுத்து, விரல் வலமிருந்து இடமாக ஊர்ந்திருக்கும். 1927இல் லத்தீன் வந்தது. விரலைத் திருப்பிக்கொண்டு முதலெழுத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். அது கைக்குப் பழகி வந்தபோது, 1938இல், ருஷ்ய மொழியை எழுதும் சிரிலிக். பேச்சு அதேதான். ஆனால் முப்பத்தைந்து வயதில் மூன்றாவது அரிச்சுவடி! அவள் பத்திரமாக எடுத்துவைத்த பழைய தாள்களை அவள் பிள்ளைகளால் வாசிக்க முடியாது. 1864இல் ருஷ்யப் பேரரசால் துரத்தப்பட்டு சிரியாவிலும் ஜோர்டானிலும் வாழும் உறவினர்களுக்கும் இவளுக்கும் பொதுவாக இருந்த எழுத்தும் போயிற்று.

அரபு எழுத்து அம்மொழிக்குப் போதாது என்று வாதிடுவார்கள். ஐம்பதுக்கு மேல் மெய்யொலிகள் உள்ள மொழிக்கு எந்த எழுத்துதான் போதும்? சிரிலிக்கிலும் மூன்று எழுத்துகளைக் கோத்து ஓர் ஒலியை எழுதுகிறார்கள். தொண்டையை இறுக்கித் தெறிக்கும் ஒலிகளுக்கு வெறும் நெட்டுக்கோடு ஒன்று. ருஷ்ய மொழியில் 'பாலச்கா', சின்னக் குச்சி. கணினி விசைப்பலகையில் அது அகப்படாமல் 1 என்ற எண்ணைத் தட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. குறையை அரபு எழுத்துக்குள்ளேயே சரிசெய்திருக்க முடியாதா? ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை எழுத்தையே பிடுங்குவது சீர்திருத்தமா? எனக்கு ஆறவே இல்லை.

இந்த எழுத்து மாற்றங்கள் தீண்டாத ஒருவர் இருந்தார். சுக் தெவுசேஷ், 1855இல் பிறந்த பாணர். எழுதப் படிக்கத் தெரியாதவர். முதுமையில் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிக்கொண்டார்கள். 1940இல் மறைந்தார். கெராஷெவ் என்று மேலே சொன்னேன் அல்லவா? அவர் பிறகு. இந்தக் கிழவரிடமிருந்து தொடங்குங்கள்.