வெள்ளைக் கரப்பான் பூச்சி தனி இனமா?

சமையலறையில் பாலாடை நிறத்தில் ஒரு கரப்பான் பூச்சியைப் பார்த்ததாகவும், அது வேறு இனமா, நோய் வந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. வீட்டில் வழக்கமாக ஓடும் அதே கரப்பான்தான். சற்று முன்பு சட்டை உரித்திருக்கிறது, அவ்வளவுதான்.

விலங்கியல் படித்த காலத்தில், விடுதிக் குளியலறையில் ஒரு நள்ளிரவு இதை முழுவதும் பார்த்திருக்கிறேன். பழைய தோல் முதுகின் நடுக்கோட்டில் வெடித்தது. உள்ளிருந்து வெள்ளை வெளேரென்று, ஈரமாக ஒன்று மெல்ல வெளியே வந்தது. கண்கள் மட்டும் கறுப்பு. கால்முட்கள்கூடத் துவண்டு கிடந்தன. காலையில் போய்ப் பார்த்தால் அதே மூலையில் பழுப்பாக நின்றுகொண்டிருந்தது.

வெட்டிய வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுக்கிறதே, அப்படித்தான் இதுவும் என்று அப்போது நினைத்தேன். காற்று மட்டும் போதாது. பூச்சியின் நரம்பு மண்டலம் உத்தரவு கொடுக்க வேண்டும்.

இது தெரியவந்தது 1962-ல், இறைச்சியில் மொய்க்கும் பெரிய ஈக்களை வைத்து. ஃபிராங்கல், சியாவோ என்ற ஆய்வாளர்கள் ஒரு பக்கம், காட்ரெல் என்ற ஆய்வாளர் தனியாக இன்னொரு பக்கம், ஒரே முடிவுக்கு வந்தார்கள். கூட்டிலிருந்து வெளிவந்த உடனே ஈயின் கழுத்தை நூலால் இறுக்கிக் கட்டினால், உடல் வெளிறியே இருந்தது. கறுத்துக்கொண்டிருக்கும் இன்னொரு ஈயின் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து அதற்குள் ஏற்றினால் கறுக்கத் தொடங்கியது. அப்படியானால் மூளையிலிருந்து சேதி போனபிறகுதான் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலக்கிறது. கட்டும் நூலும் ஒரு துளி இரத்தமும் வைத்தே இதைக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

ஏன் இவ்வளவு ஏற்பாடு? அந்த ஈயின் கூடு மண்ணுக்குள் இருக்கும். மெத்தென்ற உடம்போடு மண்ணை முட்டிக்கொண்டு மேலே வர வேண்டும். பாதி வழியிலேயே உடம்பு விறைத்துவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதனால் வெளியே வந்து சேரும்வரை நரம்பு மண்டலம் அந்தப் பொருளை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

அதற்குப் பர்சிகான் என்று பெயர். தோல் பதனிடுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மிகப் பொருத்தமான பெயர். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறும் ஆட்டுத்தோலில், பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் தோலின் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. பூச்சியில் பர்சிகான் போய்த் தட்டியதும், மேல்தோல் செல்களில் டோபமின் என்ற வேதிப்பொருள் உருவாகிறது. அதிலிருந்து வரும் குயினோன்கள் என்ற பொருள்கள் தோலின் புரதங்களைக் கட்டி இறுக்குகின்றன. நிறம் ஏறுவதும் உடம்பு கெட்டியாவதும் ஒன்றாகவே நடக்கின்றன.

பர்சிகான் போன்றவற்றை நியூரோபெப்டைடு ஹார்மோன்கள் என்கிறோம். அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலிகள், நரம்புச் செல்களில் உருவாகுபவை. சாதாரணமாக நரம்பு தன் சேதியை அடுத்த செல்லிடம் மட்டும் சொல்லும். இங்கே சேதியை இரத்தத்தில் கொட்டிவிடுகிறது. பூச்சிக்கு நம்மைப்போல் இரத்தக் குழாய் வலை கிடையாது. உடற்குழி முழுவதும் இரத்தம்தான், எல்லா உறுப்புகளும் அதில் நனைந்துகொண்டே இருக்கின்றன. ஓரிடத்தில் கலந்தது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். சட்டை உரிப்பதற்கான அசைவுகளைத் தொடங்கிவைப்பவையும் இப்படிப்பட்ட பெப்டைடுகளே. வெட்டுக்கிளி நெடுந்தூரம் பறக்கும்போது கொழுப்பை எரிபொருளாக வெளியே எடுத்துக் கொடுப்பதும் ஒரு பெப்டைடுதான், அதில் பத்தே பத்து அமினோ அமிலங்கள்.

சரி, உங்கள் கரப்பானுக்கு வருவோம். கரப்பானில் இந்தப் பொருள் வயிற்றுப் பகுதியின் கடைசி நரம்பு முடிச்சிலிருந்து வெளியாகிறது என்று 1965-லேயே காட்டினார்கள். ஆனால் பர்சிகான் எந்தப் புரதம் என்று பிடிபட 2004 வரை ஆனது. அதற்குத் துப்புக் கொடுத்ததும் கரப்பான்தான். அதன் நரம்பு முடிச்சுகளிலிருந்து பிரித்த புரதத்தின் சில துண்டுகளைப் பழ ஈயின் மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டபோது மரபணு சிக்கியது. பர்சிகான் ஒரே புரதமல்ல, இரண்டு புரதங்கள் சேர்ந்த இணை என்பது அடுத்த ஆண்டு தெளிவானது.

நீங்கள் பார்த்தது அந்தச் சேதி போய்ச் சேர்ந்து வேலை முடிவதற்கு முன்னால் உள்ள சில மணி நேரம். அப்போது உடம்பு மிருதுவாக இருப்பதால் கரப்பான் இடுக்கில் ஒளிந்தே சட்டை உரிக்கும். அதனால்தான் வெள்ளைக் கரப்பான் இவ்வளவு அபூர்வமாகக் கண்ணில் படுகிறது.