ஒரே நெபியோலோ திராட்சையில் செய்த பரோலோவும் வால்தெல்லினாவும் ஏன் ஒன்றுபோல் இல்லை?

இத்தாலியின் பரோலோ, வால்தெல்லினா சுப்பீரியோரே ஆகிய இரண்டு ஒயின்களுமே நெபியோலோ என்னும் திராட்சையில் செய்யப்படுபவை என்றால், முன்னது நாக்கைக் கவ்விப் பிடிக்கும் துவர்ப்போடும் பின்னது இலேசாகவும் இருப்பது ஏன், இலேசானது தரத்தில் தாழ்ந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். தாழ்ந்தது அன்று என்பதே என் பதில். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி மண்ணிலும் சரிவிலும் உயரத்திலும் இருக்கிறது.

முதலில் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெபியோலோ மற்ற கொடிகளுக்கு முன்பே துளிர்த்துவிடும். ஆனால் அதன் குலைகள் பழுப்பதற்கு அக்டோபர் நடுப்பகுதியோ அதற்குப் பிந்தியோ ஆகும். ஆகவே வசந்தகால உறைபனி, கோடையின் ஆலங்கட்டி மழை, இலையுதிர்கால மழை ஆகிய மூன்றுக்கும் அது தப்பியாக வேண்டும். கிளையின் அடியிலுள்ள முதல் சில மொட்டுகள் பெரும்பாலும் காய்ப்பதில்லை என்பதால், கவாத்தின்போது கிளையை நீளமாகவே விட வேண்டியிருக்கிறது. தோலில் உள்ள நிறமிகளில் எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் வகை மிகுதி. அதனால்தான் துவர்ப்பும் புளிப்பும் மிகுந்த இந்தத் திராட்சை வெளிறிய சிவப்பு ஒயினைத் தருவதும், அந்த ஒயின் சில ஆண்டுகளில் விளிம்பில் செங்கல் நிறம் கொள்வதும். நிறத்தைக் கொண்டு நெபியோலோவின் வலிமையை அளந்துவிட முடியாது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பரோலோ, வடமேற்கே பியெமோன்தே மாநிலத்தில், ஆல்பா நகருக்கு அருகிலுள்ள லாங்கே குன்றுகளின் 11 ஊர்களில் மட்டுமே செய்யப்படுகிறது. ஏறத்தாழ 170 முதல் 540 மீட்டர் வரையிலான உயரத்தில், சரிவான நிலத்தில் மட்டுமே கொடி நடலாம். வடக்கு நோக்கிய சரிவை விதிகளே விலக்குகின்றன. பனி எங்கே முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோவை நடு என்பது அந்தப் பகுதியின் பழைய நடைமுறை. குளிர்ந்த சரிவுகள் தொல்செத்தோ, பார்பெரா என்னும் வேறு திராட்சை வகைகளுக்குப் போயின. அவற்றுக்கும் ஒவ்வாத நிலத்தில் ஹேசல் கொட்டை மரங்கள் நிற்கின்றன. இவ்வளவு சிறிய பரப்புக்குள்ளேயே மண் இரண்டுபட்டுக் கிடப்பதுதான் எனக்கு மிகவும் சுவையான செய்தி. மேற்கே லா மோராவிலும் பரோலோ ஊரிலும் நீலம் பாய்ந்த, சுண்ணாம்பு கலந்த களிமண் அதிகம். அங்கே விளையும் ஒயின் மணம் மிகுந்ததாகவும் ஓரளவு விரைவில் இளகுவதாகவும் இருக்கும். கிழக்கே செரலுங்கா தால்பாவில் அதைவிடப் பழைய, மணற்கல் அடுக்குகள் விரவிய மண். அந்த ஒயினின் துவர்ப்பு அடங்கப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். மேற்கிலுள்ள அந்த ஊர்களுக்கும் செரலுங்காவுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரமே இருக்கிறது.

வால்தெல்லினா முற்றிலும் வேறு நிலம். லொம்பார்டி மாநிலத்தின் வட எல்லையில், சுவிட்சர்லாந்தை ஒட்டி, ஆத்தா ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கு அது. பள்ளத்தாக்கு அந்தத் திசையில் அமைந்திருப்பதால் வடகரைச் சரிவு முழுவதும் தெற்குப் பார்த்து நிற்கிறது. நாள் முழுதும் வெயில் விழுகிறது, பின்னாலுள்ள மலை வடகாற்றைத் தடுக்கிறது, கோமோ ஏரிப் பக்கமிருந்து வீசும் பிரேவா காற்று குலைகளை உலர்த்துகிறது. அங்கே நெபியோலோவுக்குக் கியவென்னாஸ்கா என்று பெயர். பாறையின் மேல் மணல் கலந்த மண் மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள் இல்லையென்றால் அதுவும் ஆற்றுக்குப் போயிருக்கும். தலைமுறை தலைமுறையாக உழவர்கள் கட்டிய சுவர்கள் அவை. மண்ணையும் முதுகில் சுமந்து மேலே கொண்டு சென்றார்கள். டிராக்டர் ஏற வழியில்லாததால் இன்றும் ஏறக்குறைய எல்லா வேலையும் கையால்தான் நடக்கிறது. அறுவடைப் பெட்டிகளை ஹெலிகாப்டரில் இறக்கும் பண்ணைகளும் உண்டு. பகல் வெயிலை வாங்கிவைக்கும் கல் இரவில் சூட்டை விட்டாலும், மலைக்காற்றின் குளிர் புளிப்பைக் கரையவிடுவதில்லை. அதனால்தான் உங்களுக்கு அந்த ஒயின் மெலிந்து, கூர்மையாக, மூலிகை மணத்தோடு தோன்றியிருக்கும்.

சட்டமும் இதில் தன் பங்கைச் சேர்க்கிறது. பரோலோ முழுக்க நெபியோலோவாக இருக்க வேண்டும். 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். வால்தெல்லினா சுப்பீரியோரேக்கு 90 விழுக்காடு நெபியோலோவும் 24 மாதமும் போதும். வால்தெல்லினாவிலும் கனமான ஒயின் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: அறுவடை செய்த குலைகளைச் சில மாதம் காய வைத்துச் செய்யும் ஸ்ஃபோர்சாத்தோ, சட்டப்படி குறைந்தது 14 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது. அது புகழ்பெற்றது, ஆனால் காய வைப்பதில் மலையின் சாயல் சற்று மறைந்துவிடுகிறது என்பது என் எண்ணம். வடக்குப் பியெமோன்தேயின் கத்தினாராவில், பழைய எரிமலைப் பாறை தந்த அமில மண்ணில் விளையும் நெபியோலோவும் மெலிந்த வகைதான். அதையும் யாரும் குறையாகச் சொல்வதில்லை.

மீண்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதானால், பரோலோ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், புட்டியில் ஒட்டிய சீட்டில் ஊர் அல்லது தோட்டத்தின் பெயரையும் பாருங்கள். லா மோராவின் ஒயினை வால்தெல்லினாவின் சஸ்செல்லா பகுதி ஒயினுக்குப் பக்கத்தில் வைத்தால், திராட்சையின் உறவு முதல் முகர்விலேயே பிடிபடும்; செரலுங்கா ஒயினை இளமையில் திறந்தால், துவர்ப்பு மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். நீங்கள் குடித்தது அப்படிப்பட்ட புட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.