ஆட மட்டும் கூப்பிட்டால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சிட்னி ஒலிம்பிக்கையும் பூர்வகுடி மக்களையும் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி: ஐயா, பெரிய விளையாட்டுத் திருவிழாக்களில் முதல் நாளன்று பூர்வகுடி மக்களை ஆட வைத்து உலகம் முழுக்க டிவியில் காட்டுகிறார்கள். அதே மக்கள் அரங்குக்கு வெளியே தட்டி பிடித்து நின்றால் "விளையாட்டில் அரசியலைக் கலக்காதே" என்கிறார்கள். இது என்ன நியாயம்?

நியாயமே இல்லை தம்பி. ஆட வைப்பதும் அரசியல்தான். "எங்கள் நாட்டில் எல்லாரும் ஒன்றாக, சந்தோஷமாக இருக்கிறோம்" என்று ஊருக்கெல்லாம் சொல்வதற்குத்தான் அந்த ஆட்டம். அந்தச் சேதிக்கு முகம் கொடுக்கிறவர்களுக்கு, அது நிஜமா இல்லையா என்று சொல்ல வாயும் இருக்க வேண்டும் இல்லையா?

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் நிறைவு விழாவில் பூர்வகுடி மக்களோடு, அவர்களைப் போல உடை உடுத்தி வண்ணம் பூசிய வேறு ஆட்டக்காரர்களையும் சேர்த்து ஆட வைத்தார்கள். அதே கனடாவில் 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. லில்வாட், மஸ்குவீம், ஸ்குவாமிஷ், ட்ஸ்லே வாட்டுத் என்ற நான்கு மக்களினங்களை விழாவை வரவேற்று நடத்துகிறவர்களாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வெளியே "களவாடிய பூர்வகுடி மண்ணில் ஒலிம்பிக் வேண்டாம்" என்ற முழக்கமும் கேட்டது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களும் பூர்வகுடிகள், வெளியே முழங்கியவர்களிலும் பூர்வகுடிகள் உண்டு. ஒரு சமூகத்துக்குள் இரண்டு கருத்து இருக்கவே கூடாது என்று நாம் ஏன் எதிர்பார்க்கிறோம்? நம் ஊர்களில் ஒரே தெருவில் நாலு கருத்து இருக்கிறதே.

சிட்னிக்கு வருகிறேன். 2000 செப்டம்பர் 25, திங்கட்கிழமை, நம் நேரத்துக்கு மதியம் இரண்டே முக்கால் இருக்கும். தர்மபுரியில் ஒரு டிவி ரிப்பேர் கடை வாசலில் நின்று பார்த்தேன். கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதனால் அந்த நாட்களில் ஒலிம்பிக் ஓடும் கடை வாசலில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். ஓடியவர் கேத்தி ஃப்ரீமேன், ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண். பச்சையும் பொன்னிறமும் கலந்த உடை, தலை வரை மூடியிருந்தது. 400 மீட்டரை 49.11 வினாடியில் முடித்தவர் கையைத் தூக்கிக் குதிக்கவில்லை. அப்படியே தடகளத்தில் உட்கார்ந்துவிட்டார், மூச்சு வாங்கியது, முகத்தில் சிரிப்பே இல்லை. அப்புறம் இரண்டு கொடிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். ஒன்று ஆஸ்திரேலியக் கொடி. இன்னொன்று கறுப்பு, சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம் போட்ட பூர்வகுடிக் கொடி. கடைக்காரர் என்னிடம் "அது எந்த நாட்டுக் கொடிங்க?" என்று கேட்டார். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலமே தேடிப் படிக்க ஆரம்பித்தவன்தான், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறு வருடம் முன்னால், 1994 காமன்வெல்த் போட்டியில் அவர் ஜெயித்து அதே கொடியைத் தூக்கியபோது அவருடைய அணித் தலைவரே கண்டித்தார். அடுத்த ஓட்டத்திலும் ஜெயித்தார், மறுபடியும் தூக்கினார். யாரையும் திட்டவில்லை, எதையும் உடைக்கவில்லை, ஒரு துணியைக் கையில் பிடித்து ஓடினார், அவ்வளவுதான். அவருடைய பாட்டியே சின்ன வயதில் அரசாங்கத்தால் குடும்பத்திலிருந்து பிரித்து எடுத்துப் போகப்பட்டவர். அந்தப் பெண்ணிடம் போய் "அரசியல் வேண்டாம், ஓட மட்டும் செய்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

வாசகர், பாலக்கோடு: ஆதிக்கச் சமூகத்தைச் சேர்ந்த வீரர் யாராவது இப்படிப்பட்டவர்கள் பக்கம் நின்றிருக்கிறாரா?

நின்றிருக்கிறார். பீட்டர் நார்மன், வெள்ளைக்கார ஆஸ்திரேலியர். 1968 மெக்சிகோவில் 200 மீட்டர் பரிசு மேடையில் அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனவெறியை எதிர்த்துக் கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தியபோது, வெள்ளி வாங்கி முன்னால் நின்றவர் இவர்தான். கையை உயர்த்தவில்லை, ஆனால் மனித உரிமைக்கான அவர்களுடைய பேட்ஜை வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டார். கார்லோஸ் கையுறையை மறந்து வந்திருந்தார், ஒரே ஜோடியை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னதும் இவரே. அன்று அவர் ஓடிய 20.06 வினாடி 2024 டிசம்பர் வரை ஆஸ்திரேலிய சாதனையாக இருந்தது. 2006-ல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் போய் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு அவரை நடத்திய விதத்துக்காக ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்பு கேட்டது 2012-ல்தான். அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

வாசகர், ஓசூர்: 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி எருது விடும் விழாவுக்கு அனுமதி தரவில்லை என்று கோபசந்திரம் பக்கம் நெடுஞ்சாலையை மறித்தார்களே, அன்று நான் பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். கல் பறந்தது. போராட்டம் என்றாலே இப்போது எனக்கு வெறுப்பு வருகிறது. எதைத்தான் அமைதிப் போராட்டம் என்பீர்கள்?

உங்கள் கோபத்தில் தப்பே இல்லை. கைக்குழந்தையோடும் மருந்துப் பையோடும் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் மேல் கல்லை விட்டால் அதை அமைதி என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். எருதாட்டம் எனக்கும் பிடிக்கும். கொம்பில் தட்டி கட்டின காளை வாடிவாசல் தாண்டி வரும்போது வரும் சத்தம் எங்கள் ஊர்ப் பொங்கலின் சத்தம். அந்த விழாவுக்காகக் கேட்டது நியாயம், கேட்ட விதம் நியாயமில்லை.

ஆனால் ஒன்று, அந்த ஒரு நாளை வைத்து எல்லாப் போராட்டத்தையும் தள்ளிவிடாதீர்கள். அதே காளைக்காகத்தான் 2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கில் உட்கார்ந்தார்கள், குப்பையைப் பொறுக்கினார்கள், ஆம்புலன்ஸ் வந்தால் இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள். கடைசி நாளில் நடந்த அடிதடி பெரிய வேதனை, அதையும் மறக்கவில்லை. இருந்தாலும் சட்டம் வந்தது அந்த உட்கார்ந்திருத்தலால்தான்.

1972 ஜனவரி 26 அன்று ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் நாலு பூர்வகுடி இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்கு எதிரே புல்வெளியில் ஒரு கடற்கரைக் குடையை நட்டு உட்கார்ந்து, "எங்கள் சொந்த மண்ணில் நாங்கள் அந்நியர், இது எங்கள் தூதரகம்" என்றார்கள். குடை கூடாரமானது, போலீஸ் பிடுங்கியது, மறுபடி போட்டார்கள். அந்தக் கூடாரத் தூதரகம் இன்றைக்கும் இருக்கிறது. எனக்கு அமைதிப் போராட்டம் என்றால் அந்தக் குடைதான் ஞாபகத்துக்கு வரும். அமைதி என்பது யாருக்கும் தொந்தரவே கொடுக்காமல் இருப்பது இல்லை. அப்படி இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அடுத்தவர் உடம்பில் கை வைக்காமல், அவர் மனசை நிம்மதியாக இருக்க விடாமல் செய்வது. பஸ் கண்ணாடியை உடைப்பது அதற்கு நேர் எதிர்.

வாசகி, அரூர்: ஆஸ்திரேலியப் பிரதமர் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்பு கேட்டாராமே. வெறும் வார்த்தையால் என்ன ஆகிவிடும்? நம் வாச்சாத்தி போன்ற ஊருக்கு எது வேண்டும், மன்னிப்பா, தீர்ப்பா?

அம்மா, இந்தக் கேள்வியை மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த நாட்டுக் கதை. பூர்வகுடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து, நிறுவனங்களிலும் வெள்ளைக்காரக் குடும்பங்களிலும் வளர்ப்பது என்பதை அங்கே பல பத்தாண்டுகள் அரசே செய்தது. அதற்கு மன்னிப்பு கேளுங்கள் என்று 2000 மே 28 அன்று சிட்னி துறைமுகப் பாலத்தின் மேல் சுமார் 2,50,000 பேர் நடந்தார்கள். அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்ட் மறுத்தார். அதே வருடம் ஒலிம்பிக் நிறைவு விழாவில் மிட்நைட் ஆயில் என்ற இசைக்குழு, உடையெல்லாம் "ஸாரி", அதாவது "மன்னியுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதிய கறுப்புச் சட்டையோடு மேடை ஏறியது. உலகமே பார்த்தது. 2008 பிப்ரவரி 13 அன்று கெவின் ரட் மன்னிப்பு கேட்டார், வயசான பூர்வகுடித் தாய்மார்கள் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே கேட்டார்கள். அதை வெறும் வார்த்தை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஒரு அமைப்பு வேண்டும் என்று 2023 அக்டோபர் 14 அன்று ஓட்டுக்கு விட்டபோது, சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், ஆறு மாநிலங்களிலும் தோற்றது. பாலத்தில் நடந்தவர்களும் டிவியில் கைதட்டியவர்களும் இருக்கும் அதே நாடுதான்.

இப்போது நம் ஊர். 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள். ஊரை ஆலமரத்தடியில் கூட்டினார்கள், 18 பெண்களைச் சீரழித்தார்கள், வீடுகளை உடைத்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், பெண்களைச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றது அரசாங்கத் தரப்பு. மலைவாழ் மக்கள் சங்கமும் கம்யூனிஸ்ட் தோழர்களும் கூட நின்றார்கள், சிபிஐ வந்தது, 269 பேர் மேல் வழக்கு. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் நேரில் வாச்சாத்திக்கே வந்து பார்த்தார், 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார், அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னார். ஆஸ்திரேலியாவில் அந்த ஓட்டெடுப்பு நடந்ததற்கு 15 நாள் முன்னால்.

அந்த ஆலமரத்தடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல நிழல். பக்கத்தில் ஆடு மேய்கிறது, பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். அந்த நிழலில் எனக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. "நடந்தது" என்ற ஒரே ஒரு வார்த்தையை அரசாங்கக் காகிதத்தில் ஏற்ற அந்தப் பெண்கள் 19 வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள், அவர்கள் கையில் கொடியும் இல்லை, எதிரே கேமராவும் இல்லை. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில், இரண்டும் வேண்டும், ஆனால் தீர்ப்பு முதலில். நல்லிணக்கம் என்று பெரிய வார்த்தை சொல்கிறார்கள். அடிபட்டவர் "அடித்தாய்" என்றும் அடித்தவர் "ஆமாம்" என்றும் சொல்லாத இடத்தில் எந்த இணக்கம் வரும்?

ஒரு தாய், தர்மபுரி: என் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவில் "பழங்குடி நடனம்" என்று இடுப்பில் இலை கட்டி, முகத்தில் கரி பூசி, "ஜிங்கா ஜிங்கா" என்று கத்தி ஆடச் சொல்கிறார்கள். அவள் வகுப்பிலேயே சித்தேரியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பெண் இருக்கிறாள். ஆட விடலாமா?

விடாதீர்கள். இப்படி ஒரு ஆட்டத்தை நானும் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கைதட்டவும் செய்தேன், அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

சித்தேரியில் இருப்பவர்கள் மலையாளிகள். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடக் கூடாது, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் மக்கள். ஆண்கள் வேட்டி கட்டுகிறார்கள், பெண்கள் சேலை கட்டுகிறார்கள், சாமையும் கேழ்வரகும் விதைக்கிறார்கள். இலையும் இல்லை, கரியும் இல்லை. அந்த ஹாஸ்டல் பிள்ளை கூட்டத்தில் உட்கார்ந்து, தன் அம்மாவையும் பாட்டியையும் மேடையில் இப்படிப் பார்த்தால் அவளுக்கு என்ன இருக்கும்?

சண்டையாகப் போகாதீர்கள். டீச்சருக்கு ஒன்றிலிருந்து பத்து வரை வேலை, யூடியூப்பில் கிடைத்ததை எடுத்திருப்பார், கெட்ட எண்ணம் இருக்காது. நேரில் போய் "மேடம், இதை மாற்றலாமா" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டாரிடம் தங்கள் ஊர்த் திருவிழாவில் என்ன பாட்டு பாடுவார்கள், எப்படி ஆடுவார்கள், சொல்லித்தர விருப்பமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். விருப்பம் என்றால் அவர்களே வந்து சொல்லித்தரட்டும், அவர்கள் பெயரை மைக்கில் சொல்லட்டும், பஸ் செலவைப் பள்ளி கொடுக்கட்டும். விருப்பமில்லை என்றால் வேறு ஆட்டம் ஆடலாம். அப்புறம் விழா தேதியை எனக்கு ஒரு கார்டில் எழுதுங்கள், நானும் வந்து பார்க்கிறேன்.