தரம் 3 மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் தமிழில் வாசிக்க எவை உதவும்?

நூலகத்திலும் இணையத்திலும் எவற்றை நம்பித் தொடங்கலாம் என்றும், பெற்றோருக்கென்று எவை பயன்படும் என்றும் திருகோணமலையிலிருந்தே கேட்டிருக்கிறீர்கள். நானும் உப்புவெளிப் பக்கம் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாய். மூத்தவள் இப்போது தரம் 6இல் படிக்கிறாள். இளையவன் முன்பள்ளிக்குப் போகிறான். எங்கள் வீட்டில் உண்மையாகவே பயன்பட்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் மகளின் பெயரிலேயே அங்கத்துவம் எடுத்துக்கொடுங்கள். பிணையாளரின் கையொப்பமும் வதிவிடத்துக்கான உறுதிப்படுத்தலும் பொதுவாகக் கேட்கப்படுவதால், விண்ணப்பப் படிவத்தை நீங்கள் முன்கூட்டியே வாங்கி நிரப்பி வைத்துவிட்டு, புத்தகம் எடுக்கும் நாளில் மட்டும் பிள்ளையை அழைத்துச் செல்வது நல்லது. எந்தப் புத்தகம் என்பதை அவளே தீர்மானிக்கட்டும். என் மகள் ஒரே மீன் படப் புத்தகத்தை மூன்றாவது தடவையும் எடுத்தபோது, வேறொன்றை எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்தினேன். அவள் கேட்கவில்லை. அந்த மூன்றாவது தடவையில்தான் எழுத்துக்கூட்டாமல் முழுப் பக்கத்தையும் வாசித்து முடித்தாள். ஒக்ரோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால், அந்த நாட்களில் நூலகங்கள் பிள்ளைகளுக்காகப் போட்டிகளும் நிகழ்ச்சிகளும் நடத்துவது வழக்கம்; விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் கதைகளுக்கு நான் முதலிடம் கொடுப்பது ஸ்டோரிவீவர் தளத்துக்கு. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய இத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக உள்ளன. அவை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், உங்கள் மகனுக்கு முதல் நிலையிலும் மகளுக்கு இரண்டாம் நிலையிலும் தேடத் தொடங்கலாம். கதைகளை இலவசமாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ள முடியும் என்பதால் ஒவ்வொரு முறையும் டேட்டா செலவாகாது. ஆசிய மன்றத்தின் லெட்ஸ் ரீட் செயலியும் இதே போன்றதுதான். அதில் தமிழுடன் சிங்களக் கதைகளும் இருப்பதால், பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்கும் என் மகளுக்கு அது பெரிதும் உதவியது.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பற்றி எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. ஸ்டோரிவீவரின் தமிழ்க் கதைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டு வழக்கில் எழுதப்பட்டவை. ஒரு மாலை கடற்கரையில் கையில் கச்சான் சரையுடன் இருந்த என் மகன், நான் வாசித்துக்கொண்டிருந்த கதையில் வந்த வேர்க்கடலை என்றால் என்ன என்று கேட்டான். அவன் தின்றுகொண்டிருந்ததே அதுதான் என்று சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை. பப்பாசி அங்கே பப்பாளியாகிறது, தோடம்பழம் ஆரஞ்சாகிறது, சவர்க்காரம் சோப்பாகிறது. பெரியவர்களுக்கு இது பொருட்டில்லை. வாசிக்கப் பழகும் பிள்ளையோ எழுத்துக்கூட்டி ஒரு சொல்லை முடித்த பின்னர், அந்தச் சொல் தனக்குத் தெரிந்த பொருளைக் காட்டாவிட்டால், தான்தான் பிழையாக வாசித்துவிட்டதாக எண்ணிப் பின்வாங்குகிறது. என் மகளிடம் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆகவே கதையைப் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன்னர் நீங்கள் ஒருமுறை வாசித்து, அந்நியமாகத் தோன்றக்கூடிய சொற்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு இரண்டு சொற்களையும் சொல்லிக்கொடுக்கலாம். வேற்றூர்த் தமிழை அறிவதும் அவளுக்கு நன்மைதான். சிறியவனுக்கு வாசித்துக் காட்டும்போது நம் சொல்லையே வைத்து வாசியுங்கள். இத்தளத்தின் கதைகள் திறந்த உரிமத்தில் வெளியிடப்படுவதால், எழுதியவர், வரைந்தவர் ஆகியோரின் பெயர்களைக் குறிப்பிட்டு, சொற்களை மாற்றிப் புதிய பதிப்பாக வெளியிடவும் அனுமதி உண்டு. திருகோணமலைப் பெற்றோரும் ஆசிரியர்களும் ஆளுக்கொரு கதையையாவது நம் வழக்கில் மாற்றி ஏற்றினால், அடுத்து வரும் பிள்ளைகளுக்கு எத்தனை வசதியாக இருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

பாடசாலைப் பாடங்களுக்கு வெளிநாட்டுத் தளங்களை நாட வேண்டியதில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் நம் பாடத்திட்டத்துக்கேற்ற பாடங்கள் தமிழில் உள்ளன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்களைத் தரவிறக்கலாம்; மாரிமழையில் புத்தகப் பை நனைந்து, மகளின் சுற்றாடல் புத்தகம் ஒட்டிப்போன வாரத்தில் அதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. பாட்டும் எழுத்தும் ஒலியுடன் வேண்டுமானால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக்கல்விப் பகுதியைப் பாருங்கள்.

குடும்பமாக அமர்ந்து பார்ப்பதற்கு நூலகம் திட்டத்தைப் போல வேறொன்றை நான் காணவில்லை. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சிறப்பு மலர்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து, யாரும் இலவசமாக வாசிக்கும்படி 2005 முதல் அது வழங்கி வருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகம் நாம் என்பதை எண்ணும்போது, அந்தத் தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என் மனம் நெகிழ்கிறது. பெரும்பாலானவை வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள் என்பதால் சிறிய கைத்தொலைபேசித் திரையில் பிள்ளைகள் தனியே வாசிப்பது கடினம். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் என் தந்தையார். மூதூர், தம்பலகாமம், கிண்ணியா என்று ஊர்ப் பெயர்களை இட்டு அவர் பழைய மலர்களைத் தேட, பிள்ளைகள் அருகிலிருந்து படங்களைப் பற்றிக் கேட்பார்கள். இயந்திரப் படகுக்காகக் காத்திருந்த கிண்ணியாத் துறையைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால், அன்று இரவுச் சாப்பாடு பிந்திவிடும்.

பெற்றோருக்கென்று நீங்கள் கேட்டதற்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். மகன் பிறந்தபோது கிடைத்த சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை ஊசி போடுவதற்கு மட்டும் எடுக்காமல், அதிலுள்ள வளர்ச்சிப் படிகளையும் வாசியுங்கள். பேச்சிலோ கேட்டலிலோ ஐயம் இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தயங்காமல் கேளுங்கள். பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுவதாக அறிந்தால் அறிவிக்க வேண்டிய இலக்கம் 1929. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசிச் சேவை.

நான்கு வயது மகனிடம் இப்போதைக்குக் கைத்தொலைபேசியைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் நிலைக் கதையொன்றைத் தரவிறக்கி, அருகிலுள்ள கொமினிகேசனில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, இரண்டாக மடித்துத் தைத்துக் கொடுங்கள். வண்ண அச்சுக்குச் செலவு அதிகம். கறுப்பு வெள்ளையாக இருந்தால் படங்களுக்கு அவனே நிறம் தீட்டுவான். என் மகன் அப்படி நிறம் தீட்டிய ஏழு புத்தகங்கள் அவனுடைய தலையணைக்கு அருகில் இருக்கின்றன.