மரிஸ்கா வெரெஸ் ஒரே பாட்டோடு முடிந்தவரா?

'வீனஸ்' பாடிய டச்சுப் பாடகி மரிஸ்கா வெரெஸ் அந்த ஒரு பாட்டோடு காணாமல் போனவர்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய பாடல் பட்டியல் எதிலாவது அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர் காணாமல் போகவில்லை.

நான் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் வேலை பார்க்கிறேன். மரிஸ்காவின் சொந்த ஊர் இது. உடன் வேலை செய்யும் ஒருவரின் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். இங்கே வட்டமாக நாற்காலி போட்டு, காபியும் கேக்கும் கையில் கொடுத்து உட்கார வைப்பார்கள். அவருடைய அண்ணன் 'நெவர் மேரி எ ரெயில்ரோட் மேன்' போட்டார். மரிஸ்கா தன் ஷாக்கிங் ப்ளூ குழுவோடு பாடி 1970இல் வந்த பாட்டு. அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் வரி பிசகாமல் கூடவே பாடினார்கள். பாட்டு முடிவதற்குள் என் வயதுக்காரர் ஒருவர், "வீனஸ் ஒன்றுதானே இவர்களுக்கு ஹிட்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் பாடுவது அவர் காதில் விழவில்லையா?

விடாமல் பேசினேன். ஷாக்கிங் ப்ளூ குழுவில் முதலில் பாடியவர் ஃபிரெட் டி வில்டே. அவர் ராணுவ சேவைக்குப் போக, 1968இல் மரிஸ்கா வந்தார். ஹங்கேரிய ரோமா வயலின் கலைஞர் லாயோஷ் வெரெஸின் மகள். 'செண்ட் மீ எ போஸ்ட்கார்ட்' அந்த வருடமே வந்தது. 1969இல் 'வீனஸ்', அடுத்து நெதர்லாந்தில் முதலிடம் பிடித்த 'மைட்டி ஜோ'. அதே வருட ஆல்பத்தில் இருந்த 'லவ் பஸ்' பாட்டைத்தான் 1988இல் அமெரிக்க ராக் குழுவான நிர்வாணா தன் முதல் சிங்கிளாக (தனிப்பாட்டு வெளியீடாக) வெளியிட்டது. நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் பாடியதைக் கேட்டவர்கள் மரிஸ்கா பாடியதையும் ஒருமுறை கேளுங்கள். கத்தாமலே மிரட்டுகிற குரல் அது.

பிப்ரவரி 1970இல் அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டில் முதலிடம் பிடித்தது 'வீனஸ்' மட்டும்தானே என்று யாராவது வருவார்கள். உண்மைதான். ஆனால் அது அமெரிக்காவின் கணக்கு. ஒரு பாடகியின் வாழ்க்கையை அவர் ஊர் ரசிகர்களை விட்டுவிட்டு எப்படி அளப்பது? பாட்டு எழுதியது குழுவின் கிடார் கலைஞர் ராபி வான் லேவென், பெருமை அவருக்குத்தான் என்பார்கள். நான் அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் பெண்கள் குழுவான பனானராமா 1986இல் அதே 'வீனஸை' மறுபடி அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களும் நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் அந்தக் கனமான, கொஞ்சம் கரகரப்பான அழுத்தம் மரிஸ்காவுக்கே உரியது.

    

குழு 1974இல் கலைந்தது. அப்புறமும் மரிஸ்கா தனியாகப் பாடினார், 1993இல் ஜாஸ் ஆல்பம் ஒன்று செய்தார், ஷாக்கிங் ப்ளூ பெயரிலேயே மறுபடி மேடையேறினார். 2006 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தபோது வயது 59. ஒரே பாட்டோடு முடிந்தவர் என்று அவரைச் சொல்பவர்கள் 'மைட்டி ஜோ'வைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.